முதல் பக்கத்து வார்த்தை

நாற்காலிகளை மெய்ஜுவான் மறுபடியும் இடம் மாற்றினாள். கதவைப் பார்த்த நாற்காலி விருந்தாளிக்கு, அதில் குழப்பமில்லை. அக்காவை அதற்கு நேரெதிரே உட்கார வைத்தால் பேரத்துக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒட்டி உட்கார வைத்தால் வருகிற பெண் திரும்பும்போதெல்லாம் அக்கா அழுது வைப்பாள். கடைசியில் இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு அதில் தன் கைப்பையை வைத்தாள். வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் நடுவில் உட்காருவது அவளுக்குப் பழகிய காரியம். சீனாவின் யீவு மொத்தச் சந்தையில் கொண்டை ஊசியும் கிளிப்பும் மொத்தமாக விற்கும் அவளுடைய கடையில் இத்தனை வருஷமாக நடந்தது அதுதான்.

"அக்கா, அவ என்ன கேட்டாலும் நீ அவ மூஞ்சியப் பாத்துச் சிரி. பதில என்கிட்ட சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சுன்லான் தலையாட்டினாள். புதுச் சட்டையின் மடிப்புக்கோடு இன்னும் கலையவில்லை. உணவகத்தின் அந்த மாடி அறைக்குள் வந்ததிலிருந்து அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. ஏதோ வேண்டுதல் என்று மெய்ஜுவான் விட்டுவிட்டாள்.

"அத்தான், நீங்க சாப்பிடுங்க. அது போதும்."

"நான் எப்ப பேசினேன்?" என்றார் ஜின். சந்தைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். மனைவியின் தங்கைக்கு முன்னால் அவர் வாயைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

"உங்க பையன் பேச்ச ரெண்டு பேரும் எடுக்காதீங்க. முதல் தடவையே எல்லாச் சரக்கையும் மேசைல கொட்டக் கூடாது."

"அவ சரக்கு வாங்க வரல, மெய்ஜுவான்."

"எல்லாரும் ஏதோ வாங்கத்தான் வர்றாங்க அக்கா. என்னன்னு அவங்களுக்கே பாதி நேரம் தெரியாது."

வரப்போவது சுன்லானின் இரண்டாவது மகள். பிறந்த மாதத்திலேயே கைவிட்டுப் போனவள். அமெரிக்காவில், மினசோட்டா என்ற பனி ஊரில் ஒரு தம்பதி எடுத்து வளர்த்து பிரிட்டா என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகளைத் தேடித்தரும் தன்னார்வலர் குழு ஒன்று போன வருஷம் அக்காவின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனது. மரபணு பொருந்திவிட்டது என்று தகவல் வந்த நாளிலிருந்து அக்கா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். பிரிட்டா அனுப்பிய செய்தியில் சுற்றி வளைப்பே இல்லை. வேலை விஷயமாக ஷாங்காய் வருகிறேன், ஒரு மதியம் வந்து பார்க்கிறேன், சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவேன், இப்போதைக்கு வேறு எதற்கும் வாக்குத் தர முடியாது. அந்த 'இப்போதைக்கு' என்பதை அக்கா இறுகப் பிடித்துக்கொண்டாள். மறுபடி வருவாளா? சோறு வடிக்கும்போதும், வீட்டில் அட்டையில் பட்டன் தைத்து அடுக்கும்போதும், தொலைபேசியிலும் அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

மொழிபெயர்க்க ஒரு கல்லூரிப் பெண்ணை அனுப்புவதாகக் குழுவினர் சொன்னார்கள். மெய்ஜுவான்தான் வேண்டாமென்றாள். படித்த குழந்தை, கேட்டதைக் கேட்டபடியே சொல்லி வைக்கும்; குடி கெட்டுப் போகும். மெய்ஜுவானுடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் முளைத்து, கால்குலேட்டரோடு வளர்ந்தது. இலக்கணம் கொஞ்சம் நொண்டும், வேலை நிற்காது. வெளிநாட்டு வியாபாரி மேசையைத் தட்டி, "இது பகல் கொள்ளை" என்பான். அவள் தொழிற்சாலை முதலாளியின் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பாத்துப் போடச் சொல்றாரு" என்பாள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "இவன் மூஞ்சிக்கு இதுவே ஜாஸ்தி" என்பார். அவள் இந்தப் பக்கம் திரும்பி, "உங்களைத் தம்பி மாதிரி நினைக்கிறாராம்" என்பாள். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டு போவார்கள். சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறு, ஆனால் கன்டெய்னர் கிளம்பிவிட்டது. மொழிபெயர்ப்பு சரியா தப்பா என்பதற்கு அவள் வைத்திருந்த அளவுகோல், கன்டெய்னர் கிளம்புமா கிளம்பாதா, அவ்வளவுதான்.

பிரிட்டா உள்ளே வந்ததும் மெய்ஜுவான் முகத்தைத்தான் முதலில் அளந்தாள். அக்காவின் அகல நெற்றி, அக்காவின் காது மடல், ஜின் அத்தானின் தாடை. சொந்தச் சரக்கேதான், மேலட்டை மட்டும் வெளிநாடு. நடைதான் பொருந்தவில்லை. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் எடுத்து வைக்கும் அடி. அந்த முகத்தோடு இந்த ஊரில் யாரும் அப்படி நடப்பதில்லை. எல்லோர் கண்ணையும் நேராகப் பார்த்து, மனப்பாடம் செய்திருந்த ஒரு வணக்கத்தைச் சீன மொழியில் சொல்லி, ஒரு பாட்டில் மேப்பிள் பாகை மேசைமேல் வைத்தாள். அக்கா எழுந்து நிற்கும்போது நாற்காலி பின்னால் சாய்ந்தது. கட்டிக்கொள்வதா, கையைப் பிடிப்பதா, குனிவதா என்று இருவருக்குமே தெரியாமல், பாட்டிலை அக்கா எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதைப் பிறகு கீழே வைக்கவே இல்லை.

"எவ்ளோ ஒல்லியா இருக்கா பாரு! அங்க சோறு போடறதில்லையா?" என்றாள் சுன்லான்.

"நீங்க ரொம்ப அழகா இருக்கீங்கன்னு அக்கா சொல்றாங்க," என்றாள் மெய்ஜுவான் ஆங்கிலத்தில்.

"தேங்க்ஸ்." பிரிட்டா காகிதத் துண்டை நான்காக மடித்தாள், பிரித்தாள். "வர்றதா வேண்டாமான்னு ரொம்ப நாள் குழம்பினேன். உண்மையச் சொல்லணும்னா, பல வருஷம் ரொம்பக் கோவமா இருந்தேன்."

"அக்கா, பல வருஷமா உன்னையே நெனச்சுட்டு இருந்தாளாம்," என்று மெய்ஜுவான் சீனத்தில் சொன்னாள்.

சுன்லானின் கண் நிறைந்தது. மெய்ஜுவான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். சிரி.

மீன் வந்தது. சுழலும் கண்ணாடித் தட்டை மெய்ஜுவான் மெல்லத் திருப்பி, மீனின் தலை விருந்தாளியைப் பார்க்கும்படி நிறுத்தினாள். ஜின் எழுந்து, சாப்பாட்டுக் குச்சிகளால் மீனின் கன்னத்திலிருந்த ஒரு துண்டுச் சதையை உடையாமல் எடுத்து, கை நடுங்காமல் மேசையைத் தாண்டிக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கிண்ணத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு மீனில் அதுதான் நல்ல பகுதி. பிரிட்டா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சாப்பிட்டாள். போகிற போக்கு பரவாயில்லை என்று மெய்ஜுவான் நினைத்தாள். இப்படியே மீன், கறி, சூப், பழம் என்று தட்டைச் சுற்றிக்கொண்டே போனால் ரயிலுக்கு நேரமாகிவிடும். வாசலில் ஒரு போட்டோ. அடுத்த வருஷம் புத்தாண்டு வசந்த விழாவுக்கு வாங்க என்று ஒரு வார்த்தை. முதல் ஆர்டர் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

பிரிட்டா குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் படுக்க வைத்தாள்.

"நான் ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்." அவள் மெய்ஜுவானைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி அக்காவைப் பார்த்தாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாக, தெளிவாகச் சொன்னாள். ஏன் என்னை அபாண்டன் செய்தீர்கள்?

அந்த வார்த்தை தெரியாத ஆள் இந்த நாட்டில் இருக்க முடியாது. பரீட்சைக்கென்று எந்த ஆங்கிலச் சொற்புத்தகம் வாங்கினாலும் அகர வரிசையில் முதல் பக்கத்தில் நிற்பது அதுதான். அபாண்டன், கைவிடு. புதுப் புத்தகம், புதுப் பேனா, புது வைராக்கியம் என்று உட்காருகிற ஒவ்வொரு பிள்ளையும் அதைப் பத்துத் தடவை எழுதிவிட்டு, இரண்டாம் பக்கம் புரட்டுவதற்குள் புத்தகத்தைக் கைவிட்டுவிடும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சொல்லிச் சிரிக்கிற கேலி இது. மெய்ஜுவானும் சிரித்திருக்கிறாள். ஆனால் சந்தையில் இத்தனை வருஷத்தில் ஒரு வியாபாரிகூட அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கிளிப்புக்கும் ஊசிக்கும் அது தேவைப்படவில்லை.

அவள் இருமினாள், டீயைக் குடித்தாள், அக்காவிடம் திரும்பினாள்.

"அந்தக் காலத்துல உங்களால அவள வளக்க முடியாமப் போன நிலைமை என்னன்னு தெரிஞ்சுக்க ஆசப்படறா."

சுன்லான் சிரிக்கவில்லை. "அபாண்டன்னு சொன்னாளே," என்றாள்.

மெய்ஜுவான் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீ..."

"அபாண்டன்னு சொன்னா. எனக்குக் கேட்டுச்சு." இத்தனை நேரம் அவள் உதடுகள் எதை அசைபோட்டன என்று மெய்ஜுவானுக்கு அப்போதுதான் விளங்கியது. "புத்தகம் வாங்கினேன். அவ வர்றான்னதும். பட்டன் தைக்கற மேசைல வெச்சுப் படிச்சேன். மண்டைல ஏறல, முதல் பக்கத்தத் தாண்ட முடியல. அதுல நாலு அர்த்தம் போட்டிருக்கு மெய்ஜுவான். திட்டத்த பாதில விடறது. முங்கற கப்பல விட்டுக் குதிக்கறது. ஆள விட்டுட்டுப் போயிடறது. கடைசி ஒண்ணு, தலகால் தெரியாம ஆடறதாம், அது இல்லன்னு எனக்கே தெரியும். மிச்ச மூணுல எந்த அர்த்தத்துல கேக்கறா? அத மட்டும் சொல்லு."

சீன மொழிப் பேச்சு முழுவதிலும் பிரிட்டாவுக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அது அவளுடையது, அதே அழுத்தத்தோடு இரண்டு தடவை வந்தது.

"அவங்களுக்கு நான் கேட்டது புரிஞ்சிருக்கு," என்றாள். பிறகு மெதுவாக மெய்ஜுவானின் பக்கம் திரும்பினாள். "அப்போ நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"அதேதான். கொஞ்சம் மரியாதையா..."

"அதேதான்னா எதுக்கு அவங்க உங்களத் திருத்தறாங்க?"

மெய்ஜுவானிடம் பதில் இருந்தது. அவளிடம் எப்போதும் மூன்று பதில்கள் இருக்கும். ஆனால் இந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்ததும், பெட்டியைப் பிரித்து அடி வரிசையை எடுத்துப் பார்க்கிற வியாபாரி அவளுக்கு நினைவு வந்தான். அவனிடம் பேச்சு எடுபடாது.

"இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம்? நான் கோவமா இருந்தேன்னு சொன்னேனே, அது போச்சா?" பிரிட்டா எழுந்தாள். மெய்ஜுவானை நடு நாற்காலியிலிருந்து எழுப்பி, கைப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, தானே அங்கே உட்கார்ந்தாள். "தயவுசெஞ்சு இனிமே நீங்க பேசாதீங்க. ஒரு வார்த்தைகூட வேண்டாம்."

சந்தையில் மெய்ஜுவானின் வாயை அடைத்தவர் யாருமில்லை. வரி அதிகாரிகளால் முடியவில்லை, கைப்பிடித்த கணவனால் முடியவில்லை. அவள் கைப்பையைக் கட்டிக்கொண்டு விருந்தாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தாயும் மகளும் முழங்கால் இடிக்கும் தூரத்தில் இருந்தார்கள். நடுவில் மொழி என்று ஒன்றும் இல்லை. சுன்லான் மூச்சை இழுத்தாள். பிறகு, பரீட்சையில் எழுந்து நிற்கிற பிள்ளைபோல முதுகை நிமிர்த்தி, ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஐ அபாண்டன் யூ."

கைவிட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் அவர்களுடைய பேச்சில் நேற்றைக்கும் நாளைக்கும் ஒரே வினைச்சொல்தான். ஆங்கிலத்தில் அதன் வாலில் 'எட்' என்று ஒரு சின்னக் கொக்கியை மாட்டினால்தான் நடந்து முடிந்த கதை ஆகும். முதல் பக்கத்தில் அந்தக் கொக்கியை யாரும் போட்டிருக்கவில்லை. நான் உன்னைக் கைவிடுகிறேன் என்று பிரிட்டாவின் காதில் விழுந்தது. அவள் தோள்கள் பின்வாங்கியதை மெய்ஜுவான் பார்த்தாள். அந்தக் கொக்கி அவளுடைய நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஜின் பேசினார். யாரையும் பார்க்காமல், மீனைப் பார்த்துக்கொண்டு, தன் மொழியில். "கொண்டுபோய் வெச்சது நான். பக்கத்து ஊரு பஸ் ஸ்டாண்டு வாசல்ல. யாரோ எடுக்கற வரைக்கும் எதிர்ப்பக்கம் நின்னேன். ரெண்டு பிள்ளைக்கு மேல கவர்மெண்டு விடாத காலம், பையன் வேணும்னு நெனச்சதும் நான்தான். சுன்லான் சுவத்தப் பாத்துப் படுத்திருந்தா. போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல." பிறகு கிண்ணத்தை எடுத்து ஆறிப்போன சூப்பைக் குடித்தார்.

பிரிட்டா அவரைப் பார்த்தாள். ஏதோ பெரியது மேசையில் வந்து விழுந்திருக்கிறது என்று புரிந்தது, என்னவென்று புரியவில்லை. யாரிடமும் கேட்க மாட்டேன் என்ற பிடிவாதத்தில் மறுபடியும் தாயிடம் திரும்பினாள். எளிய வார்த்தைகளாகத் தேடி எடுத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிக் கேட்டாள். நீங்கள். என்னை. வேண்டும் என்று நினைக்கவில்லையா?

நீ, இல்லை, வேண்டும், நான். நான்கும் சுன்லானுக்குப் புரிந்தன. அவள் முகம் கொதித்தது.

"நோ!" என்றாள். "நோ! நோ! நோ!" இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் ஆட்டி, தலையை ஆட்டி, மடியிலிருந்த பாட்டில் உருளப் போவதையும் கவனிக்காமல், கூடையிலிருப்பதையெல்லாம் கொட்டுகிறவள்போல அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கொட்டினாள்.

மெய்ஜுவான் கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டாமா என்று கேட்டவனிடம் இல்லை என்று சொன்னால், நீ நினைப்பது தப்பு, வேண்டும் என்றுதான் தங்கள் ஊரில் அர்த்தம். இங்கிலீஷ்காரர்களுக்கு அது தலைகீழ். அவர்களுக்குக் கேட்டவன் முக்கியமில்லை, விஷயம்தான் முக்கியம். வேண்டாமென்றால் எப்படிக் கேட்டாலும் நோ, வேண்டுமென்றால் எப்படிக் கேட்டாலும் எஸ். கடை போட்ட புதிதில் ஒருத்தன், "சிவப்பு இல்லையா?" என்று கேட்க, ஆமாம், இல்லை என்ற நினைப்பில் "எஸ்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிவப்பு உண்டு என்று நம்பிய அவன், பச்சைக் கிளிப் மட்டும் ஏறின கன்டெய்னரைப் பார்த்துத் தொலைபேசியில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கிளிப்பில் தப்பினால் பச்சையைச் சிவப்பாக மாற்றிக் கொடுக்கலாம். இந்த நோவுக்கு மாற்றுச் சரக்கு இல்லை.

பிரிட்டா "ஓகே," என்றாள். சின்னச் சத்தம். "ஓகே. குறைஞ்சபட்சம் நேர்மையா சொன்னீங்க." தோள் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"என்ன சொல்றா? எங்க கிளம்பறா?" சுன்லான் எழுந்தாள். "நான்தான் சொல்லிட்டேனே! புரிஞ்சுதுதானே அவளுக்கு?"

மெய்ஜுவான் ஓடிப்போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"நகருங்க."

"அவங்க சொன்ன நோ, உங்க நோ இல்ல. எங்க ஊரு நோ. எங்க நோன்னா எஸ்."

"இதுவும் மரியாதைக்காகவா?"

"சத்தியமா."

"உங்க சத்தியத்த வெச்சு நான் என்ன பண்ண? வந்ததுலேர்ந்து நீங்க சொன்னதுல எது நிஜம்? அவங்க என்னை அழகுன்னு சொன்னாங்கன்னீங்களே, அதாவது நிஜமா?"

"இல்ல," என்றாள் மெய்ஜுவான். "ஒல்லியா இருக்க, சோறு போடறதில்லையான்னு கேட்டாங்க."

பிரிட்டாவின் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்து உடனே நின்றது. மெய்ஜுவானுக்கு அது போதும். சந்தையில் வாடிக்கையாளர் நம்பாவிட்டால் ஒரே வழிதான் உண்டு. தன் கடைச் சரக்கை நீட்டாமல் பக்கத்துக் கடைக்கு அனுப்ப வேண்டும். அவள் கதவைத் திறந்து கத்தினாள். பன்றிக்கறித் தட்டோடு போய்க்கொண்டிருந்த பரிமாறும் பெண் எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் முடித்து ரொம்ப நாளாகியிருக்காது, நெற்றியில் பரு.

"ஏம்மா, இங்கிலீஷ் வருமா?"

"கொஞ்சம் வரும் அத்தை. பாஸ் மார்க்தான்."

"அது போதும். இந்த அக்கா கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நான் வாயே தொறக்க மாட்டேன்." பிரிட்டாவிடம் திரும்பினாள். "எதையாவது இல்லையான்னு கேளுங்க. எத வேணா."

பிரிட்டா இவர்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். கிளம்புகிறவளுக்கு ஒரு கேள்வி பெரிய சுமை இல்லை என்பதுபோல, "இங்க காபி இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எஸ்!" என்றாள் அந்தப் பெண், வாயெல்லாம் பல்லாக.

"சரி, ஒண்ணு கொண்டு வாங்க."

பெண் திகைத்தாள். "நோ காபி," என்றாள். மறுபடியும் உறுதியாக, உதவுகிற ஆவலில் தலையை ஆட்டி, "எஸ், எஸ். நோ காபி."

பிரிட்டாவின் கை பையின் வாரில் அப்படியே நின்றது.

"அப்போ டீயும் இல்லையா?"

"நோ, நோ!" பெண் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள். "நோ! டீ இருக்கு. நிறைய இருக்கு!" மேசையிலிருந்த கெட்டிலைக் காட்டினாள். ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று மெய்ஜுவானைப் பார்த்தாள். மெய்ஜுவான் அவளைத் தோளில் தட்டி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சுன்லானின் கைகளும் முகத்துக்கு முன்னால், சற்று முன் ஆட்டிய இடத்திலேயே பாதியில் நின்றிருந்தன. பிரிட்டா அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், மெய்ஜுவானைப் பார்த்தே. "அவர் என்னமோ சொன்னாரே. அது என்ன?"

இது வேறு பொறி. ஜின் சொன்னதில் பாதியைச் சொன்னால் அக்கா தப்பித்துவிடுவாள். கொண்டுபோனது அவர், பையன் கேட்டது அவர். சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை மட்டும் வழியில் எங்கேயாவது இறக்கி வைத்துவிடலாம். கன்டெய்னர் கிளம்பிவிடும். கிளம்பி எந்தத் துறைமுகத்துக்குப் போகும் என்றுதான் தெரியவில்லை. ஜின் சூப் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "உள்ளத உள்ளபடி சொல்லு," என்றார். "ஒரு தடவையாவது."

அவள் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வாசல், எதிர்ப்பக்கம் நின்றது, பையன், பிறகு அவன் பிறந்தது, சுவர். "போன்னும் சொல்லல," என்றபோது குரல் சரியாகத்தான் இருந்தது. "போகாதேன்னும் சொல்லல," என்பதற்கு ஆங்கிலத்தில் வார்த்தைகள் இருந்தும் அவளுக்கு நேரமாயிற்று. சொல்லி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பையன் இருப்பான்னு தெரியும்," என்றாள் பிரிட்டா. "எங்கள மாதிரி தத்துப் போனவங்க எல்லார் கதைலயும் அந்தப் பகுதி ஒண்ணுதான்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே மூன்று சக்கர வண்டிகள் அட்டைப்பெட்டிகளைக் கோபுரமாக ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. "சுவரைப் பாத்துட்டு இருந்தாங்களா."

"ஆமா."

மெய்ஜுவானின் தொலைபேசி அடித்தது. ரயில் நிலையத்துக்குப் போக ஏற்பாடு செய்திருந்த கார். அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

"மறுபடி கேக்கணும்," என்றாள் பிரிட்டா. "நானே. அந்த இல்லை இல்லாம கேக்கணும். எப்படி?"

"எங்க பாஷைல கேளுங்க. யாவ் பு யாவ்." மெய்ஜுவான் இரண்டு விரலை நீட்டினாள். "வேணுமா வேணாமா. இதுல எஸ்ஸும் கிடையாது, நோவும் கிடையாது. யாவ்னா வேணும். பு யாவ்னா வேணாம். ரெண்டுல ஒண்ணுதான் வாய்ல வரும். நூடுல்ஸ்ல கொத்தமல்லி போடறதுக்குக்கூட இப்படித்தான் கேப்பாங்க."

"யாவ் பு யாவ்."

"அந்த யாவ மேலேர்ந்து கீழ இறக்கணும். கோடாலி போடற மாதிரி. யாவ்!"

"யாவ்."

"கேள்வின்னு இழுக்காதீங்க. இழுத்தா வேற வார்த்தை ஆயிடும். யாவ்!"

"என்ன சொல்லிக் குடுக்கற அவளுக்கு?" என்றாள் சுன்லான். குரல் தேய்ந்திருந்தது. இந்த முறை தங்கை பதில் சொல்லவில்லை. எழுந்து சுவரோரமாகப் போய், மேசைக்கும் கதவுக்கும் நடுவில் இடம் விட்டு நின்றாள்.

பிரிட்டா பையைக் கழற்றவில்லை. பையோடு தாயின் முன்னால் வந்து, உயரம் சமமாகும்படி குந்தி உட்கார்ந்தாள். ஒரு முறை உதட்டை நனைத்தாள். சுன்லான் தங்கையைத் தேடவில்லை. அந்தப் பெண்ணின் உதடுகளையே பார்த்தாள், வேறு எங்கும் பார்க்கவில்லை.

"யாவ் பு யாவ்?"

இறங்க வேண்டிய ஒலி நடுவழியில் நடுங்கி, வளைந்து, மேலே ஏறிவிட்டது. அப்படி ஏறினால் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. கடிப்பாயா, மாட்டாயா என்று கேட்டிருந்தாள்.

திருத்துவதற்கு மெய்ஜுவானின் வாய் திறந்தது. ஜின் மேசைமேல் உள்ளங்கையை வைத்தார், சத்தமில்லாமல். அவள் வாயை மூடிக்கொண்டாள். கீழே காரின் ஹாரன் ஒரு முறை அடித்து ஓய்ந்தது.

சுன்லான் சிரிக்கவில்லை. பாட்டிலை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். மகளின் வலது கையைத் தன் பக்கம் இழுத்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சுண்டுவிரலைத் தனியே எடுத்துக்கொண்டாள். பிறந்து சில நாளே ஆன விரலைப் பிடிக்கிற பிடி அது, இரண்டே விரலால். அதை வாய்க்குக் கொண்டுபோனாள். பல் பதிந்தது. பிரிட்டாவின் மூச்சு ஒரு கணம் உள்ளே இழுபட்டது, கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

சுன்லான் விட்டபோது விரலின் நடுக்கணுவில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தன, ஓரங்கள் வெளுத்து. பிரிட்டா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, பள்ளங்களில் ரத்தம் மெல்லத் திரும்பி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.